மட்டக்களப்பு ஏழை, அம்பாறை பணக்காரன்: இப்படி வரும் செய்திகளை எப்படிப் படிப்பது

கிழக்கிலங்கையில், மட்டக்களப்பு வாவிக்கு மேற்குப் பக்கக் கரையான படுவான்கரையில் இருக்கிற எங்கள் பெரியம்மாவின் வளவுக்குள் இரண்டு கட்டடம். முன்னால் வீட்டுத்திட்டத்தில் கட்டிய கல்வீடு, வெளிச்சுவர் இன்னும் பூசி முடியவில்லை, ஆனால் மேலே ஓடு, உள்ளே கரண்ட், ஒரு சின்ன டிவி. பின்னால் கிடுகு வேய்ந்த பழைய குசினி, மழைக்கு ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது, விறகு வைக்கத்தான் பயன்படுகிறது. உதவி கேட்டு யூடியூப்பில் போடுகிற வீடியோ எடுக்க வந்த பொடியன்மார் இருவரும் கமராவைக் கொண்டுபோய் நேரே அந்தக் குசினி வாசலில் வைத்தார்கள். பெரியம்மா உட்காருவதற்கு ஒரு பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தார். "கதிரை வேணாம் அம்மா, கீழ இருங்க, அப்பதான் சரியா வரும்" என்றார்கள். அவரும் இருந்தார். ஒரு பொதி அரிசி, சீனி, பருப்பு, ஒரு பால்மா பெட்டி கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த கிழமை கத்தாரில் இருந்து என் மச்சான் தொலைபேசியில் அழுகிறான், கூட வேலை செய்கிறவர்கள் எல்லாம் வீடியோவைக் காட்டி "உங்கட அம்மாவை இப்படியா விட்டு வச்சிருக்கிறீங்க" என்று கேட்டார்களாம். அதே கிழமை சந்திக் கடைக்காரர் கடன் கொப்பியை மூடிவிட்டார், "உங்களுக்குத்தான் வெளிநாட்டில இருந்து காசு கொட்டுதே அம்மா" என்று. ஒரே ஐந்து நிமிட வீடியோ, ஒரு பக்கம் அவரைப் பிச்சைக்காரி ஆக்கிவிட்டது, மறுபக்கம் பணக்காரி ஆக்கிவிட்டது. இரண்டும் பொய். அவர் மூன்று ஆடு, வீட்டுத்தோட்டம், மகன் அனுப்புகிற காசு என்று கணக்காகச் சீவிக்கிற ஒரு மனுசி.

ஒரு வீட்டுக்கு இப்படி என்றால் ஒரு மாவட்டத்துக்கு எப்படி இருக்கும் என்று அப்போதிருந்து யோசித்துக்கொண்டே இருக்கிறேன். மட்டக்களப்பு என்றால் வறுமை, அம்பாறை என்றால் நெல், காத்தான்குடி என்றால் காசு, வாகரை என்றால் கொட்டில், அறுகம்பே என்றால் டொலர். இந்தப் படங்களை நாம் கண்ணால் பார்த்து எடுத்ததில்லை, பத்திரிகையும் டிவியும் யூடியூப்பும் பேஸ்புக்கும் நமக்குத் தந்தவை. அதை வைத்துத்தான் கல்யாணம் பேசுகிறோம், கடன் கொடுக்கிறோம், உதவி அனுப்புகிறோம், பக்கத்து ஊரைச் சந்தேகப்படுகிறோம். அடுத்த தடவை அப்படி ஒரு செய்தி கையில் வந்தால் என்ன செய்யலாம் என்று, நான் செய்து பழகியதை எழுதுகிறேன்.

கமரா எங்கே நிற்கிறது

முதலில் படத்தை நிறுத்துங்கள். ஓடவிட்டால் இசையும் அழுகையும் உங்களை இழுத்துக்கொண்டு போய்விடும். நிறுத்திவிட்டு ஓரங்களைப் பாருங்கள்: கரண்ட் வயர் எங்கே போகிறது, தண்ணீர்த் தாங்கி தெரிகிறதா, பக்கத்து வளவில் என்ன வீடு, ஆள் நிற்கிற இடம் வீட்டின் முன்பக்கமா பின்பக்கமா. எங்கள் பெரியம்மாவின் வீடியோவிலும் ஓரிடத்தில் கமரா ஆடும்போது கல்வீட்டின் ஒரு மூலை தெரிகிறது, பார்த்த ஆயிரக்கணக்கான பேரில் அதை எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்!

பணக்கார ஊர் என்று காட்டும் படத்துக்கும் இதே சோதனைதான். காத்தான்குடிக்குக் கொழும்பிலிருந்து யார் வந்தாலும் பிரதான வீதியில் நடுவே நட்ட பேரீச்ச மரங்களையும், இரண்டு பக்கமும் இருக்கிற கடைகளையும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அந்த வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமோ வாவிப் பக்கமோ உள்ளே போகிற ஒழுங்கைகளில் ஐந்து நிமிடம் நடந்து பாருங்கள். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், ஒரு வளவைப் பிள்ளைகளுக்குப் பிரித்து மறுபடி பிரித்து நாலு பேர்ச்சஸ், ஐந்து பேர்ச்சஸ் என்று ஆகிப்போன காணிகள், அந்தக் கடைகளில் நாள் சம்பளத்துக்கு நிற்கிற பொடியன்மார். கடை ஒருவருடையது. வேலைக்கு நிற்பவர்கள் பலர். கமரா கடையைத்தான் எடுக்கும்.

பாசிக்குடாவும் அப்படித்தான். நீலக் கடல், நீச்சல் தடாகம், பெரிய ஹோட்டல். அந்த ஹோட்டல்களில் பெரும்பாலானவை வெளியிடக் கம்பனிகளுடையவை, கல்குடாப் பக்கத்து ஆட்களுக்குக் கிடைப்பது அறை துப்புரவு செய்கிற, தோட்டம் பார்க்கிற, காவல் நிற்கிற சம்பளம். அறுகம்பேயில் உள்ளூர்க்காரர் நடத்துகிற சின்ன விடுதிகள் நிறைய உண்டு, அது நல்ல விசயம். ஆனால் ரீல்ஸில் வருகிற கூட்டம் ஏறக்குறைய ஏப்ரல், மே தொடங்கி ஒக்டோபர் வரையான அலைக்காலக் கூட்டம். மாரி பிறந்த பிறகு அதே தெருவை ஒருவரும் வீடியோ எடுக்க மாட்டார்கள். ஓட்டோ ஓட்டுகிறவர் ஆறு மாதம் உழைத்ததை வைத்துப் பன்னிரண்டு மாதம் சாப்பிட வேண்டும்.

ஆகவே இடத்தோடு சேர்த்து மாதத்தையும் பாருங்கள். நவம்பரிலிருந்து ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை, வாவி பெருகி வெள்ளம் வந்து படுவான்கரைக்குப் பாதை அறுந்துபோகும், அப்போது எடுத்த படம் எந்த ஊரையும் ஏழையாகக் காட்டும். பெப்ரவரி, மார்ச்சில் பெரும்போக வெட்டு, வீதி நெடுக நெல் காயப் போட்டிருக்கும், சாக்கு அடுக்கியிருக்கும், அதே ஊர் செழிப்பாகத் தெரியும். படம் எடுத்த திகதி எழுதாத செய்தியை நான் பாதி நம்பிக்கையோடுதான் வாசிக்கிறேன்.

இதில் எனக்கு ஆறாத கவலை ஒன்று உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமியில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேல் உயிர் போனது, நாட்டிலேயே அதிகமாக இழந்த மாவட்டம் அதுதான். உலகக் கமராக்கள் எல்லாம் கரையோர வீதியில் வந்து நின்றன, நிற்கத்தான் வேண்டும். ஆனால் வாவிக்கு அந்தப் பக்கம், யுத்தத்தில் வீடும் மாடும் வயலும் இழந்து இருந்தவர்கள் படத்துக்குள் வரவில்லை. படத்துக்குள் வராதவர்களுக்கு உதவியும் அந்த அளவு போய்ச் சேரவில்லை. கமரா நிற்கிற இடத்தைப் பார்க்கச் சொல்லி இவ்வளவு வற்புறுத்துவது இதனால்தான்.

எண் வந்தால் என்ன அளந்தார்கள் என்று கேளுங்கள்

படத்துக்கு அடுத்தது எண். எண் சொன்னால் எல்லாரும் அடங்கிவிடுகிறோம். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் சில வருடங்களுக்கு ஒருமுறை குடும்ப வருமான செலவு ஆய்வு செய்கிறது. 2016 ஆய்வில் நாடு முழுக்க வறுமையில் இருந்தவர்கள் 4.1 வீதம், மட்டக்களப்பில் 11.3 வீதம், அம்பாறையில் 2.6 வீதம். பார்த்தவுடன் தலைப்பு தயார்: மட்டக்களப்பு ஏழை, அம்பாறை பணக்காரன். எண்கள் சரியானவை. தலைப்புத்தான் பிழை.

ஏன் பிழை என்றால், அந்த வருடம் வறுமைக்கோடு ஒருவருக்கு மாதம் 4,166 ரூபாய். ஒரு நாளுக்கு 139 ரூபாய் அளவில். அதற்குக் கீழே செலவழிக்கிறவர்தான் ஏழை என்று கணக்கில் வருவார். நாலு பேர் உள்ள குடும்பம் மாதம் 17,000 ரூபாய் செலவழித்தால் அது கோட்டுக்கு மேலே போய்விடும், ஏழை இல்லை. அந்தக் குடும்பத்தைப் பணக்காரர் என்று யாராவது சொல்வார்களா? அம்பாறையில் 2.6 வீதம் என்பதற்கு அர்த்தம், நூற்றில் மிச்ச 97 பேரும் அந்த 139 ரூபாய்க்கு மேலே இருந்தார்கள் என்பது மட்டும்தான். எவ்வளவு மேலே என்று அந்த எண் சொல்லவே சொல்லாது.

அப்புறம் 2019 ஆய்வு வந்தது, நாட்டின் வறுமை 14.3 வீதம் என்றார்கள். 4.1இலிருந்து 14.3, மூன்று வருடத்தில் மூன்று மடங்குக்கு மேல்! உண்மையில் நடந்தது, வறுமைக்கோட்டையே புதிதாக வரைந்தார்கள், மக்களின் செலவுப் பழக்கத்தை மறுபடி கணக்கெடுத்து 6,966 ரூபாய் என்று உயர்த்தினார்கள். முழக்கோலை மாற்றிவிட்டுப் பிள்ளை வளர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. இரண்டு வருடத்து எண்ணை ஒப்பிடுகிற செய்தி எதைப் பார்த்தாலும், கோடு ஒன்றுதானா என்று முதலில் தேடுங்கள். செய்தியில் அது எழுதியிருக்காவிட்டால் ஒப்பீட்டை விட்டுவிடலாம்.

சராசரி என்கிற சொல்லிலும் கவனம் வேண்டும். 2019இல் இலங்கைக் குடும்பம் ஒன்றின் சராசரி மாத வருமானம் 76,414 ரூபாய். ஆனால் எல்லாக் குடும்பங்களையும் வருமானப்படி வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்கிற குடும்பத்தைக் கேட்டால் அதன் வருமானம் 53,333 ரூபாய்தான். இடையில் 23,000 ரூபாய் எங்கே போனது? எங்கள் ஒழுங்கையையே எடுங்கள். ஐந்து வீடு, நாலு வீட்டில் மாதம் நாற்பதாயிரம், ஐந்தாவது வீட்டு டொக்டருக்கு நாலு இலட்சம். சராசரி 112,000. அந்த 112,000 ரூபாய் எந்த வீட்டிலும் இல்லை. ஆனால் செய்தியில் அதுதான் வரும், வாசிக்கிற நாற்பதாயிரக்காரர் "நான் மட்டும்தான் பின்னுக்கு நிற்கிறேன்" என்று மனம் உடைந்துபோவார். இந்த மனமுடைவை நான் நேரில் பார்த்திருக்கிறேன், அதனால்தான் நீட்டி எழுதுகிறேன்.

மாவட்டம் என்பதே பெரிய போர்வை. அம்பாறை மாவட்டம் 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரித்தது, 2012 குடிசன மதிப்பில் ஆறரை இலட்சம் சனம், முஸ்லிம்கள் சுமார் 43 வீதம், சிங்களவர் 39, தமிழர் 17. இருபது பிரதேச செயலகப் பிரிவு. கல்முனை பஜாரும், சேனாநாயக்க சமுத்திரத்துத் தண்ணீர் பாய்கிற கல்லோயா வயல்களும், பொத்துவில் கடற்கரையும், திருக்கோவில் மீன்வாடிகளும் அதற்குள்தான். மட்டக்களப்பில் பதினான்கு பிரிவு, வாவியின் எழுவான்கரையும் படுவான்கரையும் ஒரே மாவட்டம். இதை ஓர் எண்ணால் சொல்வது, கல்லடிப் பாலத்தில் நின்றுகொண்டு வாகரையில் மழையா என்று சொல்வதைப் போல. 2012/13 ஆய்வை வைத்து உலக வங்கியோடு சேர்ந்து பிரதேச செயலகப் பிரிவு அளவில் ஒரு வறுமை வரைபடம் போட்டார்கள். பழையதுதான், ஆனாலும் ஒரு மாவட்டத்துக்குள்ளேயே பிரிவுக்குப் பிரிவு எவ்வளவு வித்தியாசம் என்று பார்க்க அது போதும்.

நெல் மூட்டையைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள்

அம்பாறைக்குப் பணக்காரப் பேர் வந்ததே நெல்லால்தான். போடியார் என்கிற பெரிய வயற்காரர்களின் கதைகளும் சேர்ந்துகொண்டன, சம்மாந்துறை, அக்கரைப்பற்று என்றால் எல்லாரும் போடியார் என்று நினைக்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆகவே ஒரு கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம், நீங்களும் தாளை எடுங்கள்.

இரண்டு ஏக்கர், குத்தகைக் காணி. ஏக்கருக்கு எண்பது புசல் என்று வைத்துக்கொள்வோம், புசலுக்கு 21 கிலோ, இரண்டு ஏக்கருக்கும் 3,360 கிலோ. 2025 பெப்ரவரியில் அரசாங்கம் அறிவித்த நாட்டு நெல் விலை கிலோ 120 ரூபாய். பெருக்கினால் 403,200. "ஒரு போகத்தில் நாலு இலட்சம் சம்பாதிக்கும் விவசாயி" என்று தலைப்புப் போடலாம், போடுகிறார்கள்.

இனி வயலில் நடப்பது. வெட்டு முடிந்த நெல் ஈரமாக இருக்கும், 14 வீத ஈரப்பதத்துக்குக் காய்ந்திருந்தால்தான் அரசாங்க விலை. காயப் போட இடமில்லை, இருந்தாலும் காத்திருக்க நேரமில்லை, பசளைக்கடைக் கடனும் மெஷின்காரரும் வாடி வாசலில் நிற்கிறார்கள். வியாபாரி வயல்கரையிலேயே நூறு ரூபாய்க்கு எடுத்தால் கைக்கு வருவது 336,000. உழவு, விதைநெல், பசளை, களைநாசினி, கூலி, வெட்டு மெஷின், குத்தகை, வாங்கிய கடனுக்கு வட்டி எல்லாம் சேர்த்து ஏக்கருக்கு ஓர் இலட்சத்து இருபதாயிரம் போனால், இரண்டு ஏக்கருக்கும் 240,000. மிச்சம் 96,000. நிலம் திருத்தத் தொடங்கிய நாளிலிருந்து காசு கைக்கு வரும்வரை ஆறு மாதம் என்று பிரித்தால் மாதம் 16,000 ரூபாய்.

காணி சொந்தம் என்றால் கூடும், வெள்ளம் வந்தால் ஒன்றுமே இருக்காது, கடன் மட்டும் நிற்கும். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரென்று நிறுத்தியபோது அடுத்த பெரும்போகத்தில் விளைச்சல் எப்படி விழுந்தது என்பது எந்த வயல்வட்டையில் கேட்டாலும் சொல்வார்கள். சிறுபோகத்துக்கு உன்னிச்சை, நவகிரி, உறுகாமம் போன்ற குளங்களில் தண்ணீர் இருக்கிற அளவுக்குத்தான் விதைக்கலாம், எல்லாருக்கும் கிடைக்காது. ஆகவே இப்படியான செய்தி வந்தால் மூன்று கேள்வி: விற்றதா மிஞ்சியதா, எத்தனை மாதத்துக்கு, காணி யாருடையது. மூன்றுக்கும் பதில் இல்லாவிட்டால் அந்தச் செய்தி சொல்வது நெல்லைப் பற்றி மட்டும்தான், நெல் விதைத்தவரைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

மேல்மாடியும் கிழமைக் காசும்

நெல்லுக்கு அடுத்தது வெளிநாட்டுக் காசு. 2024இல் வெளிநாட்டில் வேலை செய்கிறவர்கள் நாட்டுக்கு அனுப்பியது சுமார் 6.6 பில்லியன் டொலர், இப்படியான எண் ஒவ்வொரு மாதமும் பெரிய எழுத்தில் வருகிறது. கேட்கிறவர் உடனே தன் ஊரில் கட்டாரிலோ குவைத்திலோ ஆள் இருக்கிற வீட்டைத்தான் திரும்பிப் பார்ப்பார். அந்த வீட்டில் என்ன நடக்கிறது? போவதற்கு நகை அடகு வைத்திருப்பார்கள், முதல் மாதங்களின் சம்பளம் அதை மீட்கப் போகும். 2022இல் டொலர் இரண்டு மாதத்துக்குள் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்ப் பக்கம் ஏறியபோது "வெளிநாட்டுக்காரனுக்கு யோகம்" என்று பேசாத ஆளில்லை. அதே வருடம் செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண் காட்டிய பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. கூடுதலாக வந்த ரூபாயை அரிசியும் மாவும் காஸும் தின்றுவிட்டன. வீட்டு வேலைக்குப் போன ஒரு தாய் வருடக்கணக்காகப் பிள்ளை முகம் பார்க்காமல் அனுப்பிய காசில் எழும்பிய மேல்மாடிச் சுவர் அது, அதைப் பார்த்துப் பணக்காரர் என்று சொல்லும்போது அவர் விட்டதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

பொருள் கண்ணுக்குத் தெரியும், கடன் தெரியாது. வாசலில் நிற்கிற மோட்டார் சைக்கிள் லீசிங்கில் இருக்கலாம், குளிர்சாதனப் பெட்டி தவணையில் வந்திருக்கலாம். கிழமைக் காசு என்று எங்கள் ஊர்களில் சொல்கிற நுண்கடன், பெண்களைக் குழுவாகச் சேர்த்துக் கொடுத்துக் கிழமைக்குக் கிழமை வாங்குகிறது. ஒன்றைக் கட்ட இன்னொன்று எடுத்து மூன்று நாலு கடன் சுமக்கிற வீடுகள் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. 2018இல் அரசாங்கமே வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஓர் இலட்சம் ரூபாய் வரையான கடன்களைத் தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது என்றால் எவ்வளவு ஆழம் என்று பாருங்கள். அப்படிப்பட்ட வீட்டைப் படம் எடுத்தால் வசதியான வீடாகத்தான் தெரியும்.

வறிய குடும்பங்களுக்கு அரசாங்கம் காசு கொடுக்கிற அஸ்வெசும திட்டத்தின் பட்டியல் 2023இல் வந்தபோது நடந்த சண்டைகளில் பாதி இதுதான். பழைய சமுர்த்தி உதவித் திட்டத்துக்குப் பதிலாக வந்த அதற்குக் கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்று ஆறு தலைப்பில் 22 குறிகாட்டிகளை வைத்துப் புள்ளி போட்டார்கள். புள்ளி எப்படிப் போட்டார்கள் என்று விளக்குகிற ஒரு செய்தியைத் தேடிக் களைத்தேன். "கல்வீட்டுக்காரிக்கு அஸ்வெசும" என்று வீட்டுப் படத்தோடு பரவிய பதிவுகள் கணக்கில்லை. கல்வீடு வீட்டுத்திட்டத்தில் வந்திருக்கும், உள்ளே உலையில் வைக்க அரிசி இருக்காது. அப்படி ஒரு பதிவு வந்தால் பகிர வேண்டாம். உண்மையில் ஆட்சேபனை இருந்தால் பிரதேச செயலகத்தில் எழுத்தில் கொடுக்கலாம், அதற்கு வழி வைத்திருக்கிறார்கள்.

"அவங்களுக்கென்ன, அவங்ககிட்ட காசிருக்கு"

இதை எழுதாமல் விட முடியாது. தமிழ் ஊரில் நின்றால் "முஸ்லிம் ஆக்கள் எல்லாரும் வியாபாரி, காசுக்காரர்." முஸ்லிம் ஊரில் நின்றால் "தமிழருக்குக் கனடாவும் லண்டனும் அனுப்புது." இரண்டு பேரும் சேர்ந்து நின்றால் "சிங்களக் குடியேற்றத்துக்குத்தான் அரசாங்கம் எல்லாம் கொடுக்குது." மூன்றும் படங்களிலிருந்து வந்தவை. மருதமுனையில் தறிக்கு முன்னால் நாள் முழுக்க இருந்து சாரன் நெய்கிறவரின் கூலியை ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். வெல்லாவெளியிலோ கொக்கட்டிச்சோலையிலோ எத்தனை வீட்டுக்குக் கனடாவில் ஆள் இருக்கிறது என்று விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். கல்லோயா குடியேற்றத்தில் பாட்டன் காலத்துக் காணி இன்று பேரப்பிள்ளைகளிடம் எத்தனை துண்டாக இருக்கிறது என்று இங்கினியாகலைப் பக்கத்து ஆள் ஒருவரிடம் விசாரியுங்கள்.

செய்வதற்கு ஒரு சின்ன வேலை சொல்கிறேன். ஒரு சமூகத்தின் பேரோடு பணக்காரர், ஏழை என்று எழுதியிருக்கிற வாக்கியத்தில் அந்தப் பேரை எடுத்துவிட்டு ஒரு தொழிலின் பேரைப் போட்டுப் பாருங்கள். "முஸ்லிம்கள்" இருந்த இடத்தில் "மொத்த வியாபாரிகள்". "தமிழர்" இருந்த இடத்தில் "கரைவலைத் தொழிலாளர்". வாக்கியம் அப்போதுதான் உண்மைக்குக் கிட்ட வரும், ஏனென்றால் காசு தொழிலையும் காணியையும் கடனையும் பின்தொடர்ந்து போகிறது. என் காக்கா (அண்ணன்) முறையான ஒரு கூட்டாளி ஏறாவூரில் இருக்கிறார், பழைய இரும்பு வாங்கி விற்கிறவர், "தம்பி, எங்கட ஊர்ல பெரிய கடை எத்தனை, தள்ளுவண்டி எத்தனை, ரெண்டையும் எண்ணிப்போட்டு எழுதச் சொல்லுங்க" என்றார். போய் எண்ணினேன். ஒரு வீதியில் பத்துக் கடைக்கு முப்பது வண்டிக்கு மேலே.

சரி, சரியான தகவலை எங்கே எடுப்பது

கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், புள்ளிவிபரக் கிளை இருக்கிறது, மாவட்டப் புள்ளிவிபரக் கையேடு போடுவார்கள், அதில் பிரிவு வாரியாக நெற்காணி, மீன்பிடி, வீடு, மின்சாரம், குடிநீர் எல்லாம் இருக்கும். தொகைமதிப்புத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் குடும்ப வருமான செலவு ஆய்வு முழு அறிக்கையாகவே கிடக்கிறது, அட்டவணையை மட்டும் பார்த்தாலே போதும். அதுவும் வீடு வீடாக எல்லாரையும் கேட்டதில்லை, நாடு முழுக்க 25,000 வீட்டு மாதிரிதான், ஆகவே கிராம அளவுக்கு அதை இழுக்காதீர்கள்.

அங்கே கிடைக்காவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில். பிரதேச செயலகத்தில் தகவல் அலுவலர் ஒருவர் இருப்பார். தமிழிலேயே ஒரு கடிதம் போதும். ஆட்களின் பேரைக் கேட்காதீர்கள், எண்ணிக்கையைக் கேளுங்கள்: இந்தப் பிரிவில் எத்தனை குடும்பம், எத்தனை குடும்பத்துக்கு அஸ்வெசும, எந்த வகையில் எத்தனை. 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் மேன்முறையீடு செய்யலாம், கடைசியில் கொழும்பில் ஆணைக்குழு வரைக்கும் போகலாம். நான் ஒருமுறை போட்டேன், மூன்றாவது கிழமை தபாலில் வந்தது, இரண்டு பக்கம். ஒரு வருடம் பேஸ்புக்கில் சண்டை பிடித்ததை அந்த இரண்டு பக்கம் முடித்துவிட்டது.

உங்களையே படம் எடுக்க வந்தால்

வெளிநாட்டில் இருந்து உதவி அனுப்புகிற நீங்கள் இதை வாசித்தால், முதலில் உங்களிடம் ஒரு வேண்டுகோள். முகம் காட்டாத வீடியோவுக்கு உதவ மாட்டோம் என்று சொல்லாதீர்கள். பற்றுச்சீட்டு கேளுங்கள், கணக்கு கேளுங்கள், பாடசாலை அதிபரிடமோ கிராம உத்தியோகத்தரிடமோ விசாரியுங்கள், ஆனால் பிள்ளைகளின் முகத்தைக் கேட்காதீர்கள். அந்தப் பிள்ளை நாளைக்கு வகுப்பில் இருக்க வேண்டும்.

படம் எடுக்க வருகிறவர்களிடம் கேட்க வேண்டியதைக் கமரா திறக்க முன்னமே கேளுங்கள். எங்கே போடுவீர்கள், போட முன்னர் எனக்குக் காட்டுவீர்களா, வருகிற காசு யார் கணக்குக்கு வரும், பிறகு நீக்கச் சொன்னால் நீக்குவீர்களா. பதில் இழுபட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், பொதியைக் காட்டி அவசரப்படுத்தினாலும். ஏற்கெனவே போட்டுவிட்டார்கள் என்றால் யூடியூப்பில் தனியுரிமை முறைப்பாடு என்று ஒரு வழி இருக்கிறது, படத்தில் இருக்கிறவரே செய்யலாம், வீடியோவின் இணைப்பும் எந்த நிமிடத்தில் முகம் தெரிகிறது என்பதும் வேண்டும், வீட்டில் ஒரு பிள்ளையைக் கொண்டு செய்விக்கலாம். பத்திரிகையில் பிழையாக வந்தால் முதலில் ஆசிரியருக்குத் திருத்தம் கேட்டு எழுதுங்கள், சரிவராவிட்டால் பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழு இருக்கிறது.

பெரியம்மாவின் வீடியோவை நாங்கள் யூடியூப்பில் முறைப்பட்டு அப்படித்தான் நீக்குவித்தோம். அதற்கு மறுகா வேறு இருவர் வந்தார்கள், வெள்ளத்துக்குப் பிறகு. பெரியம்மா உள்ளே போய் அந்தப் பிளாஸ்டிக் கதிரையைக் கொண்டுவந்து கல்வீட்டு முன்வாசலில் போட்டு, துடைத்து, உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "இஞ்ச வச்சு எடுங்க மனே. ஆட்டையும் எடுங்க. வெள்ளத்தில கத்தரிக் கண்டெல்லாம் அழுகிப் போச்சு, அதையும் எடுங்க. விதை வாங்கத்தான் காசு வேணும்." எடுத்தார்கள். அடுத்த மாதம் விதையும் இரண்டு மண்வெட்டியும் வந்தன.